மறுக்கத் தெரிந்தவர் தேவை

பயந்தாங்கொள்ளிகளுக்குத் தூக்கத்தில் கனவு வராது. வர வேண்டியதையெல்லாம் பகலிலேயே கண்டு முடித்திருப்பார்கள். நான் அந்த இனம். என் பிரியாணிக் கடையில் அண்டாவின் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று ஆவி எழும்பும். அதற்குள் தினமும் எனக்கு ஏதாவது தெரியும். கடைக்கு அதிகாரி வந்து சீல் வைப்பார். கூரை மெல்ல இறங்கும். அண்டாவில் பல்லி மிதக்கும் (இதுவரை மிதந்ததில்லை. மிதக்கலாம் அல்லவா?). ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த மனுஷனுக்கு இத்தனை கற்பனை எங்கிருந்து வந்தது என்று என் மனைவி மும்தாஜ் இன்னும் ஆச்சரியப்படுகிறாள்.

இப்பேர்ப்பட்ட என்னைத் தேடித்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்.

"பாய், பிளஸ் டூ பரீச்ச முடிச்ச பிள்ளைங்க நாலு பேரு இருக்காங்க. அவங்களுக்கு இன்டர்வியூ பழக்கிவிடணும். நீங்க மொதலாளியா வந்து உக்காருங்க."

"நானா? நான் இன்டர்வியூ வாசலையே மிதிச்சதில்ல டீச்சர்!"

"கேள்வியெல்லாம் நான் சொல்லித் தாரேன். கடைசியில நீங்க 'வேலை இல்ல'ன்னு சொல்லணும். அது போதும். இந்தப் பிள்ளைங்க முகத்துக்கு நேரா யாருமே இல்லன்னு சொல்றதில்ல பாய். 'பாவம்'னு தலையாட்டிட்டு, அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க. அதுக நாள் கணக்கா போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நெசமான மறுப்ப இங்கயே கேட்டுப் பழகிட்டா நல்லது."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"செத்த நேரமா வெளிய நின்னு பாத்தேன். 'தீந்துபோச்சு, தீந்துபோச்சு'ன்னு அம்புட்டுப் பேரையும் வெரட்டுனீங்களே! இவ்வளவு நல்லா இல்லன்னு சொல்ற ஆள நான் பாத்ததே இல்ல."

ஒரு டீச்சர் வாயிலிருந்து என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அது. மயங்கிவிட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அந்த வகுப்பறையில் போய் உட்கார்ந்தேன். மேலே காற்றாடி தூக்கக் கலக்கத்தோடு சுற்றியது. ஜன்னலுக்கு அப்பால் சிறுமலை, யாரோ அலசிக் காயப்போட்ட நீலச் சேலைபோல லேசாக ஆடியது (மலை ஆடாது என்று எனக்கும் தெரியும். அன்று ஆடியது). நான் நாற்காலியோடு தரையை விட்டுச் சற்று எழும்பினாற்போல இருந்தது. கலெக்டராகவே ஆகிவிட்டேன்.

முதலில் அய்யலூர் இரட்டையர்கள் வந்தார்கள். பார்வை குறைந்த பையன்கள். டீச்சர் சொல்லித்தந்ததைக் கேட்டேன், அவர்களும் சொன்னார்கள். சொல்லிவிட்டு என் குரல் வந்த திசையைப் பார்த்து இருவரும் ஒரேமாதிரி சிரித்தார்கள். "திங்கக்கிழமை வேலைக்கு வாங்கப்பா" என்று ஒரு குரல் தண்ணீருக்கடியிலிருந்து கேட்டது. யாரென்று பார்த்தேன். நான்தான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் தலையில் கைவைத்தார்.

அடுத்து லூர்து. எதையும் நிதானமாகப் புரிந்துகொள்கிற பையன். "உனக்கு என்ன தெரியும்?" என்றேன். நெடுநேரம் யோசித்து, "சாமான எடுத்த எடத்துலயே வைப்பேன்" என்றான். என் கடையில் எந்த மனிதனும் செய்திராத காரியம் அது. "திங்கக்கிழமை வாப்பா."

கடைசியாகச் செல்வி, சக்கர நாற்காலியில். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல மெதுவாகத்தான் பேச முடியும். அவள் சிரமப்படுவது பொறுக்காமல் பாதி வார்த்தைகளை நானே முடித்துவைத்தேன். பிறகு அவளுக்கும் திங்கள்கிழமை.

"எல்லாருக்குமா... அங்கிள்?" என்று சந்தேகமாகப் பார்த்தாள்.

டீச்சர் எழுந்து, "பிள்ளைங்களா, இது சும்மா பழக்கத்துக்கு..." என்று ஆரம்பித்தார். லூர்தின் முகம் வாடத் தொடங்கியது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "இல்ல டீச்சர், நெசந்தான்!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப நீங்களே சமாளிங்க" என்றார் டீச்சர்.

என் கடையில் அப்போது பார்சல் கட்ட ஆள் தேவைதான். ஆனால் ஒரே ஓர் ஆள்.

திங்கள்கிழமை நான்கு பேரும் வந்துவிட்டார்கள். டீச்சரும் வந்தார், நான் முழிப்பதைப் பார்க்க. லூர்துக்குப் புதுச்சட்டை. அவன் அம்மா கையில் லட்டு டப்பா. "எரியோடு ஊரு பூராம் சொல்லிட்டேன் பாய், புள்ளைக்கு வேல கெடச்சிருச்சுன்னு" என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஏங்க, தொப்ப வெளிய தெரியுது. வாங்க இங்கிட்டு" என்றாள் மும்தாஜ்.

வந்து, இருப்பது ஒரே வேலை என்று திக்கித் திணறிச் சொன்னேன். இரட்டையர்கள் சிரித்தார்கள். "நாங்க ஐ.டி.ஐ.ல சேரப்போறோம் பாய். எப்புடியும் பிரியாணி போடுவீங்கன்னுதான் வந்தோம்." (போட்டேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.)

மீதி, லூர்தும் செல்வியும். யாரோ ஒருவருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. விறகுப் புகை கடைக்குள் மேகமாகப் படர, நான் அதிலேறி மிதந்தேன். சிறுமலைக்கே போய்விடலாம். அங்கே வாழைத்தோப்பில் யாரும் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை...

"அங்கிள்" என்று வாசலிலிருந்து செல்வி கூப்பிட்டாள். கீழே இறங்கினேன்.

"இந்தப் படி மேல... நான் எப்புடி வர?"

"நான் தூக்கி வச்சுருவேன்மா!"

"கூட்டத்துல... நான் பேசி முடிக்கிற வரைக்கும்... நிப்பாங்களா?"

"நீ ஏம்மா கஷ்டப்படுற? உனக்குப் பதிலா நானே பேசிக்கிறேன்!"

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்து வார்த்தை வரச் சற்று நேரமாயிற்று. முதல்முறையாக நான் குறுக்கே பேசாமல் நின்றேன்.

"அதான் அங்கிள்... எனக்கு வேணாம். நீங்க நல்லவருதான். ஆனா இந்தக் கடை... எனக்குச் சரிப்படாது. நான் பி.காம்... படிக்கப்போறேன்."

நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக அழுகை வந்தது. ஒரு மனுஷனை இப்படியா முகத்துக்கு நேராக நிராகரிப்பது?

"படிய இடிச்சுர்றேம்மா!" என்று கெஞ்சினேன்.

"இடிங்க அங்கிள். ஆனா நான்... வரல."

ஸ்டெல்லா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

லூர்து அன்றே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கரண்டியை நான் இடம் மாற்றி வைத்தால் இன்றும் என்னைத்தான் திட்டுகிறான். படியை மறுவாரமே இடித்துச் சரிவுப்பாதை போட்டேன். செல்வி இப்போது கல்லூரித் தோழிகளோடு அதில் சர்ரென்று ஏறிவந்து, ஆற அமர ஆர்டர் சொல்கிறாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் மகள் கல்லாவிலிருந்து குரல் கொடுப்பாள். "அத்தா, ஒங்களச் செலக்ட் பண்ணாதவங்க வந்திருக்காங்க!"

மும்தாஜ் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் ஆரம்பித்துவிட்டாள். "இன்டர்வியூவுல ஃபெயிலாகுறது ஒலகத்துல உள்ளதுதான். ஆனா மொதலாளி நாற்காலில உக்காந்து ஃபெயிலானது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்!"

மாப்பிள்ளையின் அத்தா என்னைப் பரிவோடு பார்த்து, "அடுத்த தடவ கெடச்சிரும் மச்சான்" என்றார்.