முப்பது சதவீதத்துக்குப் பேரம் பேசிய ஏலம் நைனா

இந்தத் தேசத்திலேயே வருமான வரிக்குப் பேரம் பேசிய ஒரே மனிதர் எங்கள் ராயபுரத்து ஏலம் நைனாதான். எந்தக் கோர்ட்டில் ஏறி வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். ஏனென்றால் அவர் பேரம் பேசியது என்னிடம். கல்மண்டபம் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து ஊராருக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு.

காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவர் நைனா. பான் கார்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

காலையில் ஏலம் முடிந்தாலும் அவருக்குள் முடியாது. டாக்டர் "பிரஷர் நூத்தி எழுபது" என்றால், "நூத்தி நாப்பதுன்னு எழுதிக்க டாக்டரு, நமக்குள்ள இன்னா" என்பார். மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் பத்து ஜெபம் விதித்தால் ஏழில் முடித்துக்கொண்டு வெளியே வருவார். மகள் கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வருவோம் என்று சம்பந்தி வீட்டார் சொன்னதை முந்நூற்றைம்பதுக்கு இறக்கினார். வந்தது ஐந்நூறு பேர்தான். பந்தியில் பிரியாணி தீர்ந்தபோது, "பேசினது முன்னூத்தம்பது" என்று அசையாமல் நின்றார்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் கிரிப்டோ வந்து சேர்ந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டு, அதாவது விசைப்படகு, கடலுக்குப் போகாது, கரையில் ஏலமும் இருக்காது. சும்மா இருக்கும் மனுஷனுக்குத்தான் போனில் புதுப்புது ஆசைகள் வரும். அவருக்குப் பழக்கமான ஒரு விசைப்படகின் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நைனாவிடம் கொடுத்தார்கள். அந்தப் படகில் போய்க்கொண்டிருந்த புருஷன் இறந்த பிறகு கருவாடு விற்றுக் காலம் தள்ளும் அமலியும் கொடுத்தாள். கணக்கு நைனா பெயரில், பான் கார்டு நைனாவுடையது. எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காசிமேட்டில் வாய்ச்சொல்தான் பத்திரம்.

மூன்று விதக் காயின் வாங்கினார். இரண்டு படுத்துவிட்டன. ஒன்று யாரும் எதிர்பாராமல் எகிறியது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, போட்டில் எப்படிப் பங்கு பிரிப்பார்களோ அப்படியே பிரித்தார். போட்டில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழியும். போன தடவை கடலில் நஷ்டம் என்றால் அதுவும் இந்தத் தடவை லாபத்தில் கழியும். மிச்சம்தான் பங்கு. நைனாவும் இரண்டு காயின் நஷ்டத்தையும் நெட் ரீசார்ஜ் செலவையும் கழித்து, மிச்சத்தைப் பைசா பிசகாமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். அமலி அந்தப் பணத்தில் ஒழுகுகிற கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டாள்.

பிறகுதான் என் மாடிக்கு வந்தார். பாலித்தீன் கவரில் சுற்றிய போன், அதன் மேல் இரண்டு மீன் செதில்.

"சாரு, எல்லாம் போக கையில நின்ன லாபம் கொஞ்சூண்டுதான். வரி இன்னா வரும்?"

போனைப் பார்த்தேன்.

"நைனா, நஷ்டத்தைக் கழிக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"சட்டம் அப்படி. லாபம் வந்த காயினுக்கு, வாங்கின விலையை மட்டும் கழிக்கலாம். மிச்சத்துக்கு முப்பது பர்சென்ட். படுத்த காயின் நஷ்டம் உன்னோடது. அடுத்த வருஷத்துக்கும் எடுத்துனு போவ முடியாது. ரீசார்ஜ் செலவு, அது இது எதுவும் கழியாது."

நைனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த முகத்தை நான் ஏலக்கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

"முப்பது ஜாஸ்தி சாரு. பதினெட்டுன்னு வச்சிக்க."

"நைனா, இது நான் சொல்ற விலை இல்ல."

"சரி, இருபது. ஏழை ஜனங்க துட்டு இது. இருபத்திரெண்டு. அதுக்கு மேல என்னால ஆவாது."

"முப்பதும் இல்ல நைனா. செஸ்ஸுன்னு ஒரு கூடுதல் வரி, அத்த சேத்தா முப்பத்தொண்ணுக்கு மேல போவுது."

வாழ்நாளில் முதல்முறையாக, அவர் குறைத்துப் பேசப் பேச எதிர்ப்பக்கம் விலை ஏறியது. நான் போனை விடாமல் துருவினேன். இந்த வேலையில் பாதியில் நிறுத்துவது பாவம்.

அந்தக் கணக்கில் வாங்கின காயின் மட்டும் இல்லை, ஒரு மீன் மார்க்கெட்டே இருந்தது. ஆப்காரர்கள் சும்மா கொடுத்த இலவசக் காயின் கொஞ்சம். அது வந்த நாளில் என்ன விலையோ அது வருமானம். அவருடைய மற்ற வருமானத்தோடு சேர்ந்து சாதாரண விகிதத்தில் வரி. பின்னால் அதை விலை ஏறி விற்றால், ஏறின அளவுக்கு மறுபடி முப்பது. அப்புறம் அவர் ஏலம் கூவுகிற குரலை ஒரு விளம்பரக் கம்பெனி பதிவு செய்துகொண்டு காசுக்குப் பதில் காயின் கொடுத்திருந்தது. அது தொழில் வருமானம். அதுவும் சாதாரண விகிதம்தான். கூவினதற்கும் வரியா என்று நைனா கேட்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தார்.

கடைசியாக ஒன்று. துபாயில் இருக்கும் அக்கா மகன் பிரியமாக அனுப்பிய காயின். மதிப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"இதுக்கு இல்லல்ல? சொந்தக்காரன் குடுத்தது."

"சட்டத்துல அக்கா மவன் சொந்தக்காரன் இல்ல நைனா. நீ அவனுக்குக் குடுத்தா வரி இல்ல. அவன் உனக்குக் குடுத்தா முழுசுக்கும் வரி."

நைனா எழுந்து நின்றுவிட்டார். "அவனுக்குக் காது குத்தறப்ப எம் மடியிலதான் குந்த வச்சாங்கோ. நான் அவனுக்குச் சொந்தம், அவன் எனக்குச் சொந்தம் இல்லியா? இத்த எழுதுனவனுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லியா சாரு?"

நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

எல்லாம் கூட்டி, விற்கும்போதே வரியாகப் பிடித்திருந்த ஒரு சதவீதத்தைக் கழித்து, கட்ட வேண்டிய தொகையைச் சொன்னேன். அவர் கையில் இருந்ததைவிடப் பல மடங்கு. பெரும்பகுதி மற்றவர்கள் பங்குக்கான வரி. சட்டத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு பான் கார்டு.

"அவங்க பங்குக்கு உண்டானதைத் திருப்பிக் கேளு நைனா. அதுதான் நியாயம்."

"பிரிச்சிக் குடுத்த பங்க திரும்பக் கேக்கறதா?" என்றார். குரல் கீழே போயிருந்தது. "போட்டுல அந்தப் பயக்கம் கெடையாது சாரு. அமலி கைல போயி இன்னா கேப்பேன்? தளத்தப் பேத்துக் குடுன்னா?"

காத்திவாக்கத்தில் அவருக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. வாடகைக்கு விட்டிருந்தார். முதுமைக்கு அவர் சேர்த்து வைத்தது அது ஒன்றுதான். அதை விற்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாங்க வந்தவன் எஞ்சினைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னான். அநியாயமான விலை. நைனா இப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் படகின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "சரி, குடு" என்றார். வரி கட்டக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. பேசிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை.

பணம் போட்ட விசைப்படகு ஆட்களிடம் அவர் சொன்ன கதை வேறு. வரி ஆபீசுக்கே போய் உட்கார்ந்து பேசியதாகவும், ஆபீசர் முப்பதில் ஆரம்பித்ததாகவும், கடைசியில் மனமிரங்கி ஒன்றும் வேண்டாம் என்று விட்டதாகவும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நைனா பேசினால் நடக்கும் என்பதில் காசிமேட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

அடுத்த வாரம் அமலி என் மாடிக்கு வந்தாள்.

"நெசமா சார்? நைனா பேசித்தான் வரி இல்லாம ஆச்சா?"

"ஆமா" என்றேன். வரி விஷயத்தில் நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அவள் ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாள். நெத்திலிக் கருவாடு. "அந்த ஆபீசருக்குக் குடுத்துடு சார். நல்ல மனுசன்."

நேராக நைனா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். "ஆபீசருக்கு அமலி கொடுத்தது" என்றேன். அவர் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஆபீசரு கெடக்கறாரு, நாம வறுத்துத் துன்னலாம் குந்து" என்றார்.

போன வருஷம் நைனா போய்விட்டார். சாகும்வரை ஏலம் கூவிக்கொண்டுதான் இருந்தார், ஓய்ந்து உட்காரக் கையில் படகு இல்லை. இதை எழுதுவதற்கு முன் அமலிக்குத் தெரிய வேண்டும் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் போட்ட தளத்தின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காயும் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பவே தெரியும் சார்," என்றாள். "காத்திவாக்கத்துல படகு கைமாறினது எனக்குத் தெரியாமப் போவுமா? துட்டாக் குடுத்தா வாங்க மாட்டாரு, அவரு மூஞ்சி சுருங்கிப் போவும். ஆபீசரு இன்னாத்துக்கு சார் நெத்திலி துன்னப் போறாரு? நைனாவுக்குத்தான் அது உசுரு."

நான் படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். உடனே நைனாவைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.