நடுரோட்டுக் கோலம்

பெங்களூரு நீலசந்திராவில் அத்தனை வாசல்களையும் விட்டுவிட்டுச் சாக்கடை மூடிக்குக் கோலம் போட்ட ஒரே மனுஷி எங்கள் சேம்பரக்காதான். சாக்கடைக் குழியை இங்கே சேம்பர் என்போம்; அதில் வந்த பெயர். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

தன் வாசலில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். விடிந்ததும் தெரு நடுவே குனிந்து, பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றி எட்டுப் புள்ளிக் கோலம். கோலத்தின் மேல் யாரும் பைக் நிறுத்த மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நிறுத்தினால் விசாரணை.

"ஏன்டா தம்பி, மாமியார் வீட்டு வாசல்லயும் இப்டித்தான் வண்டி ஏத்துவியா?"

அடைப்பு எடுக்கும் நாளில் முதல் வரிசையில் நிற்பார். வெளியே வருவதைப் பார்த்து, "மூணாவது வீட்ல நேத்து குஸ்கா. பாதிய அப்டியே கொட்டியிருக்காங்க," என்று தெருவுக்கே அறிவிப்பார்.

போன வருடம் தார் போட்டார்கள். மூடியும் தாருக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் காலை வெறும் தார்மேல் அதே கோலம். "முத்திப்போச்சு," என்றார் அம்மா. எதற்காகப் போடுகிறார் என்று எனக்கு மட்டும் குடைந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு வாரம் மழை. கோலம் கரைந்தது, சாக்கடை அடைத்தது. எங்கள் குளியலறையில் கறுப்புத் தண்ணீர் ஏறி, அடுப்படிக்கு இன்னும் ஒரு படிதான் பாக்கி. அடைப்பெடுக்கும் வண்டி வந்தது. மூடி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"மூடி சிக்கலன்னா கிளம்பிடுவேன் மேடம். இன்னும் நாலு தெரு இருக்கு," என்றார் வண்டிக்காரர்.

மேடம் என்றால் நான். எங்கள் வம்சத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள். இப்போது சிவில் இன்ஜினியர். தெருவின் சாக்கடை வரைபடத்தை விரித்து, டேப் பிடித்து அளந்து, "இங்க தோண்டுங்க," என்றேன். தோண்டினார்கள். குடிதண்ணீர்க் குழாய் உடைந்து என் முகத்தில் பீய்ச்சியது.

சேம்பரக்கா குடையோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குளிச்சாச்சா, இன்ஜினியரம்மா?"

தன் வாசலுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ஒன்பது எட்டு எடுத்து வைத்து நின்று, காலால் தட்டினார். "இங்க." கடப்பாரை இறங்கியதும் இரும்புச் சத்தம் கேட்டது. மூடி திறந்தது. அரை மணியில் எங்கள் வீட்டுத் தண்ணீர் வடிந்தது.

"மூடி போனப்புறமும் ஏங்க்கா கோலம் போட்டீங்க?"

"மூடி எங்கம்மா போச்சு? தாருதான மேல வந்துச்சு."

இப்போது அவர் ஒக்கலிபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். படிக்கிற பிள்ளை என்று என்னிடம் யாரும் கோலமாவைக் கொடுத்ததில்லை. இருந்தும் தினமும் காலையில் அந்த மூடியைச் சுற்றி எட்டுப் புள்ளி வைத்து, படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். "கோணல்," என்று பதில் வரும். அது வந்தால்தான் எனக்கு வேலைக்குக் கிளம்பவே மனம் வருகிறது.