சம்பந்தியாகிப்போன ஏபெல் பிம்

பார்க்கிங்,
கிழக்கு லண்டன்,
ஞாயிறு காலை

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் அச்சகமும் சுகமாக இருக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டிக்கொண்டு எழுதுவது. அச்சகத்தைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதன் சுகக்கேட்டால் என் வீட்டில் ஒரு வாரமாகச் செத்தவீடு நடக்கிறது. யாரும் சாகவில்லை.

நான் உங்களுக்கு அனுப்பியது ஒரு விளையாட்டுக் கட்டுரை. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் பிரவீணனுக்கு பேஸ்போல் பைத்தியம். தொலைபேசியில் "சாப்பிட்டியோ?", "ஓம் அப்பா" என்பதோடு எங்கள் பேச்சு வற்றிவிடும். நானும் அந்த விளையாட்டைப் படித்தால் இன்னும் நாலு வார்த்தை பேசலாமே என்று இணையத்தில் தேடியபோது அகப்பட்டவர்தான் ஏபெல் பிம். எங்கள் பார்க்கிங்கிலே பிறந்து, கப்பலேறி அமெரிக்கா போய், 1884இல் இரண்டே இரண்டு ஆட்டம் ஆடியவர். ஏழு தரம் மட்டை பிடித்தார், ஒரு தரம் அடித்தார், ஓட்டம் இல்லை. வந்த பந்துகளைக் கோட்டைவிட்ட வகையில் ஐந்து பிழை. அவர் ஆடிய குழுவும் அந்த ஆண்டே கலைந்துவிட்டது, அதற்கு இவர் காரணமில்லை என்றே நம்புகிறேன். 1931இல் இறந்தார். மனைவி மக்கள் இருந்தார்களா, எங்கே புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது. ஒரு படம்கூட இல்லை. ஒரு மனிதன் இவ்வளவோடு முடிந்துபோகலாமா என்று மனம் பொறுக்காமல் எழுதினேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? சேலைக்கடை விளம்பரத்துக்கு இடம் போதாமல் ஆண்டுகளை எல்லாம் வெட்டி, எஞ்சியதைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு, மரண அறிவித்தல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டீர்கள். 'பார்க்கிங்கைப் பிறப்பிடமாகவும் அமெரிக்காவை வதிவிடமாகவும் கொண்டவர்' என்று நான் தொடங்கியது உண்மைதான். ஒரு மனிதரைப் பற்றி வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியாது. அதற்காக அடியில் 'தகவல்: சண்முகராசா' என்று என் தொலைபேசி எண்ணையும் போடுவதா? என் மருமகள் அமெரிக்க வெள்ளைக்காரப் பிள்ளை என்பது பக்கத்து ஈஸ்ட் ஹாம் தமிழர் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய தகப்பன் பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது. பிறகென்ன, பிம் என் சம்பந்தியாகிவிட்டார்.

முதலில் வந்தது மேல்மாடிச் செல்வமலர், இடியப்பமும் சொதியுமாக. "செத்தவீட்டில அடுப்பு மூட்டக்கூடாது அண்ணை." நான் "பிள்ளை, அது பேஸ்போல்..." என்று தொடங்க முன்னமே என் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கிவிட்டார். பின்னால் கோயில் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் பழைய மாணவர் சங்கத்தார், அவர்களோடு சங்கத் தேர்தலுக்குப் பிறகு எனக்கு முகம் கொடுத்துப் பேசாத கிறிஸ்துராஜா. கதிரை போதாமல் என் கட்டிலிலும் இருந்தார்கள்.

"சம்பந்தி எப்பிடிப்பட்ட மனுசன் அண்ணை?" என்று கிறிஸ்துராஜா கேட்டார்.

"வடிவாத் தெரியாது. அஞ்சு பிழை விட்டவர்."

"சீச்சீ, மோசம்போன மனுசன்ர பிழையை எண்ணலாமோ?"

"அவர் செத்துக் கனகாலம் ஐசே!"

"அப்ப உங்களுக்குப் பிந்தித்தான் அறிவிச்சவையோ? தூரத்தில சம்பந்தம் செய்தால் உதுதான் கரைச்சல்."

செல்வமலர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் தந்தார். வாங்கியவன் அழுதுவிட்டேன். என் மனைவி பாலாம்பிகை கொரோனாக் காலத்தில் போனவள். பத்துப் பேர் தள்ளித் தள்ளி நின்று அனுப்பிவைத்தோம், மகன் கணினித் திரையில் நின்றான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரு சனம் இல்லை. நானே தேத்தண்ணி போட்டு நானே குடித்தேன். அன்று வராத அழுகை எல்லாம் பிம்மின் பெயரில் வந்தது. கிறிஸ்துராஜா முதுகைத் தடவினார். "சம்பந்தியில என்ன பாசம் பாருங்கோ" என்று கட்டிலில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

அனுதாபச் செய்திகள் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. பிரவீணன் தொலைபேசி எடுத்தான். "அப்பா, என்ர மாமனார் இப்பதான் கோல்ஃப் விளையாடிப்போட்டு வந்திருக்கிறார்! உடன திருத்தம் போடச் சொல்லுங்கோ!" நான் நடந்ததைச் சொல்லச் சொல்லச் சிரித்தான். பிறகு, "ரெண்டு ஆட்டத்தில அஞ்சு பிழையோ?" என்று கேட்டான். அதிலிருந்து பிடித்து ஒரு மணித்தியாலம் கதைத்தான். சாப்பிட்டேனா என்று கேட்க மறந்தே போனான்.

ஆகவே ஐயா, அடுத்த இதழின் முதற்பக்கத்திலேயே, ஏபெல் பிம் எனக்கு எந்த உறவும் இல்லை என்று கொட்டை எழுத்தில் திருத்தம் வரவேண்டும். ஊர்ச் சனத்தின் இடியப்பத்தைப் பொய் சொல்லிச் சாப்பிட என்னால் ஏலாது.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பு. பக்கம் மாற்றிப் போட்ட பிள்ளையை ஏசவேண்டாம். உங்கள் குடும்பம் தழைக்கவும் விளம்பரங்கள் பெருகவும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
க. சண்முகராசா

பி.கு.: முப்பத்தோராம் நாள் கிரியைக்கு யார் யார் என்ன சமைப்பதென்று செல்வமலர் இப்போது வந்து சொல்லிவிட்டுப் போகிறார். வடை கிறிஸ்துராஜாவின் பொறுப்பாம். திருத்தத்தை அதற்குப் பிந்திய இதழில் போடலாமா? சேலைக்கடைக்கு இடம் தேவைப்பட்டால் போடாமலே விட்டாலும் நான் கோபிக்கமாட்டேன். நீங்களும் கட்டாயம் வாருங்கள். மாலை போட ஒரு படம் வேண்டுமாம். பிம்முக்குத்தான் படம் இல்லையே, பாலாம்பிகையின் படத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.