ஏழு கடலுக்கு அப்பால் அனுப்பிய பேய்

அந்தப் புரட்டாதியில் முரல்குடாக் கடற்கரையில் மீனை விடச் சனம் அதிகம். பரந்தனிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். முரசுமோட்டையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் குஞ்சு குருமானோடு வந்து இறங்கினார்கள். காணாமற்போன மாட்டைப் பற்றிக் கேட்க வந்த ஜெயபுரத்துக்காரர் ஒருவர், மாட்டை மறந்து கச்சான் கொறித்துக்கொண்டு நின்றார். சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, ஊருக்குள் ஐஸ்கிறீம் வான் வரத் தொடங்கியிருந்த காலம் அது. எல்லாரும் தேடி வந்தது ஆழிச்சுவாமியை.

சுவாமி கடலைப் பற்றி வாக்குச் சொல்பவர். மாலையில் வானம் இருண்டு மின்னல் வெட்டத் தொடங்கியதும் கண்ணை மூடுவார். உடம்பை ஒரு உதறு உதறுவார். "நாளைக்குக் காலமை கடல் கறுக்கும்!" என்பார். இரவு மழை கொட்டும். காலையில் கரையோரம் கறுத்துக் கிடக்கும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மழை பெய்தால் பட்டினத்துக் கழிவுநீர்க் கான் நிரம்பி, அங்குள்ள அழுக்கெல்லாம் இந்தக் கரையில் வந்து விழும் என்பது மணலில் வளை தோண்டிய நண்டுக்கும் தெரியும். ஆனால் நண்டு அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. அதனால் அதற்கு யாரும் தட்சணை வைக்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால், கருவாட்டுப் பந்தலருகே, இடுப்பில் கைவைத்தபடி நின்றாள் ஞானேஸ்வரி. அவளுக்குப் பக்தி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மீனை வெட்டி, கடல்நீரில் அலசி, உப்பிட்டுக் காயவைத்து விற்பது அவள் பிழைப்பு. அவளிடம் கருவாடு வாங்க வவுனியாவிலிருந்து வருகிற சரீப் நானா, அன்று காலை ஒரு துண்டை எடுத்து மூக்கருகே பிடித்தார். பிடித்த வேகத்திலேயே கீழே வைத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இது கருவாடு மணக்கேல்ல, கராச் மணக்குது. வாற முறையும் இப்பிடி எண்டா நான் வேற கரையைப் பாக்கவேண்டி வரும்."

"நானா, நீங்களும் விட்டால் என்னட்ட வேற ஆர் வாங்கப் போகினம்?"

"அதுதான் எனக்கும் கவலை" என்று சொல்லி, வெறும் லொறியோடு போய்விட்டார்.

இதற்கொரு வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கடற்கரை அழுக்கைக் குறைக்கவென்று அரசாங்கக் கச்சேரி மூலம் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. கான் கடலில் விழும் வாயில் பெரிய குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி, கோரை நட்டு, அழுக்கை அங்கேயே மறிப்பது. பட்டினத்துச் சந்தியில் வாகனம் திருத்தும் கராச்சுகளுக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி கட்டுவது. இதுதான் திட்டம். வெள்ளிக்கிழமை கிராம அபிவிருத்திச் சங்கம் கூடிக் கையுயர்த்தினால் வேலை தொடங்கும். வேறு வேலைக்கு வேண்டுமென்றால் சங்கம் மாற்றிக் கேட்கலாம் என்றும் ஒரு வசதி இருந்தது.

பணத்தின் வாசனை எண்ணெய் வாசனையை விடத் தூரம் போகும். பரந்தன் சந்தியில் மூட்டுவலித் தைலம் விற்றுக்கொண்டிருந்த ஒருவரின் மூக்கு வரைக்கும் அது போயிருந்தது. தைலக்காரர் தாடி வளர்த்தார், காவி கட்டினார், ஆழிச்சுவாமியாக வந்து இறங்கினார்.

"குழி வெட்டி என்ன காணப் போறியள்?" என்று கேட்டார் சுவாமி. "இது அழுக்கில்லை. கடலுக்குள்ள ஒரு பேய் குந்தியிருக்கு. அதின்ர மூச்சுத்தான் இந்த நாத்தம். நீங்கள் குழி வெட்டினா, தனக்கு வீடு கட்டித் தந்திருக்கினம் எண்டு அது குடிவந்திடும்! நான் கழிப்புக் கழிச்சு ஏழு கடலுக்கு அங்கால அனுப்பிறன். அந்தக் காசில இஞ்ச ஒரு காவற்கோயில் கட்டுங்கோ. நானே கூட இருந்து பாத்துக்கொள்ளுறன்."

என்ன பெரிய மனது! சங்கத் தலைவர் அப்புத்துரை மூன்று படகுக்குச் சொந்தக்காரர். ஆனால் சொந்தமாக ஒரு முடிவும் எடுக்கமாட்டார், நாலு பேரைக் கேட்பார். "பேய் போட்டுதெண்டா நாத்தமும் போயிடுந்தானே?" என்று தலையாட்டினார். ஊரும் சேர்ந்து ஆட்டியது.

வியாழக்கிழமை மாலை கழிப்பு, பேயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும் சடங்கு. வீட்டுக்கு வீடு பொருள் வாங்கினார்கள். தேங்காய், பட்டுச்சேலை, வேட்டி, சேவல். பேய்க்குப் பட்டுச்சேலை எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. "நீ ஒண்டும் குடுக்காட்டில் அது உன்ர பந்தலுக்குத்தான் வரும்" என்று அயலவர்கள் நச்சரித்து அரியண்டம் செய்ததில், ஞானேஸ்வரி தன் சேவலைக் கொடுத்தாள். கழுத்தில் மயிரில்லாத சேவல் அது. பாதிக் கூவலில் தொண்டை அடைத்து, இருமி, திரும்பவும் முதலிலிருந்து கூவும். அதன் சத்தத்தில் கண்விழிக்காத வீடு அந்தக் கரையில் இல்லை.

சுவாமி களிமண்ணில் ஒரு பாவை செய்தார். அதற்குச் சிவப்புத் துணி சுற்றி, மந்திரம் சொல்லிப் பேயை அதற்குள் அடைத்து, ஓலைக் கடகத்தில் வைத்தார். பறை முழங்க ஊர்வலம் பட்டினத்துச் சந்திக்குப் போனது. கானுக்கு மேலுள்ள மதகோரம் கடகத்தையும் காணிக்கைகளையும் வைத்தார்கள்.

"எல்லாரும் நடவுங்கோ! ஆரும் திரும்பிப் பாக்கப்படாது. பாத்தால் பேய் பின்னால வந்திடும்!"

சந்தியில் வைத்த கழிப்பைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வன்னியில் பாற்பல் விழாத பிள்ளைக்கும் தெரிந்த முறை. அதனால்தான் அந்தக் கழிப்புக்குப் பிறகு என்ன ஆகிறது என்பது தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு வசதியான முறை பாருங்கள்.

ஞானேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பேயைப் பார்க்க அல்ல. சேவல் மேல் இருந்த பாசத்தில். சுவாமியின் சீடன் பட்டுச்சேலையை உதறி மடித்துச் சாக்குக்குள் வைத்துக்கொண்டிருந்தான். பின்னர் சேவல் போனது. தேங்காய்கள் போயின. மிஞ்சிய கடகத்தைக் காலால் ஒரு தள்ளு. பேய் தொபுக்கென்று கானுக்குள் விழுந்தது.

"ஐயோ, அங்க பாருங்கோ! சாமானெல்லாம் சாக்குக்குள்ள போடுறான்!" என்று கத்தினாள். ஒரு கழுத்தும் திரும்பவில்லை. பக்கத்தில் நடந்தவர்கள் அவளிடமிருந்து நாலடி தள்ளி நடந்தார்கள்.

அன்றிரவும் மழை.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கம் கடற்கரையிலேயே கூடியது. சுவாமி தன் கூடாரத்துக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "பேய் போயே போட்டுது. இனிக் கோயிலுக்குக் கையை உயர்த்துங்கோ" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கான் வாயில் நின்ற பெண்கள் அலறினார்கள். கறுத்த தண்ணீரோடு, சிவப்புத் துணி சுற்றியபடி, கடகத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது பாவை. ஏழு கடலுக்கு அப்பால் போனது ஒரே இரவில் ஊர் திரும்பிவிட்டது.

சுவாமி பாவையைப் பார்த்தார். பிறகு ஞானேஸ்வரியை நோக்கி விரலை நீட்டினார்.

"இந்தப் பொம்பிளை திரும்பிப் பாத்தவா! அதாலதான் அது பின்னால வந்தது. இவாவை இந்தக் கரையில மீன் அலச விடாதேங்கோ!"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. நேற்றுத் திரும்பாத கழுத்துகள் இப்போது எவ்வளவு லேசாகத் திரும்புகின்றன! அவளுக்குப் பயமாக இருந்தது. கரை போனால் எல்லாமே போய்விடும். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"சரி, நான் பாத்ததாலதான் வந்தது எண்டே வையுங்கோ" என்றாள். "அப்புத்துரை அண்ணை, ஒரு சோதினை செய்வம். அதுக்குப் பிறகு என்னைக் கலையுங்கோ. கையை எடுத்துக் கும்பிட்டிட்டுப் போறன்."

படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் பந்தலில் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் தேங்காய்ப் பொச்சுகளுக்கு அதைப் பூசினாள்.

"இதுக்குள்ள பேயுமில்லை, மந்திரமுமில்லை. கொண்டுபோய்ச் சந்தியில, கானுக்குள்ள போடுங்கோ. போட்டிட்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்காமல் வாங்கோ. நான் இஞ்ச கண்ணைப் பொத்திக்கொண்டு இருக்கிறன்."

அப்புத்துரை மோட்டார் சைக்கிளில் போனார். போட்டார். திரும்பிப் பாராமல் வந்தார். சனம் கான் வாயைப் பார்த்துக்கொண்டு குந்தியது. ஜெயபுரத்துக்காரர் இன்னொரு சுருள் கச்சான் வாங்கினார். அவர் அதை முடிக்கும் முன்னே முதல் நீலப் பொச்சு உருண்டு புரண்டு வந்து கடலில் விழுந்தது. அதன் பின்னால் மற்றவை வந்தன. அவற்றோடு கராச் எண்ணெய், சாப்பாட்டுக் கடை வாழையிலை, மீன் குடல், கட்டுக்கட்டாகச் சொப்பிங் பை எல்லாம் வந்தன.

"ஐயோ, இது நான் நேற்றுச் சந்தையில கட்டி எறிஞ்ச பை!" என்றாள் கூட்டத்தில் நின்ற கமலாசனி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்கட பேய் வாற றோட்டு இதுதான்" என்றாள் ஞானேஸ்வரி, கண்ணிலிருந்து கையை எடுத்து. "நாங்கள் அங்க எறியிறம், அது இஞ்ச வருது. திரும்பிப் பாத்தாலும் வரும், பாக்காட்டியும் வரும்."

சுவாமி விடுவாரா? "பேய் பொச்சுக்குள்ளயும் ஏறிட்டுது! எனக்குத் தெரியுது!" என்று உதறத் தொடங்கினார். வெட்கக்கேடு என்னவென்றால், அப்போதும் சில தலைகள் ஆடின.

அந்த நேரத்தில், சுவாமியின் கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு கூவல் கேட்டது. பாதியில் அடைத்தது. இருமியது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

ஊர் முழுவதும் கூடாரத்தின் பக்கம் திரும்பியது. அன்று வெள்ளிக்கிழமை. சுவாமி வெள்ளியில் மாமிசம் தொடமாட்டார். அந்த ஆசாரம் ஒன்றினால்தான் சேவல் குழம்பாகாமல் தப்பியிருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்புத்துரை யாரையும் கேட்காமல் எழுந்து போய்க் கூடாரத் துணியைத் தூக்கினார். சேவல், பட்டுச்சேலை, வேட்டி, தேங்காய்க் குவியல், ஒரு பெட்டி மூட்டுவலித் தைலம்.

"என்ன சுவாமி," என்றார் அவர், "ஏழு கடலும் உந்தக் கூடாரத்துக்குள்ளயே கிடக்கு?"

சனம் முதலில் சிரித்தது. பிறகுதான் கோபப்பட்டது. அந்த இடைவெளியில் சுவாமியும் சீடனும் பரந்தன் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். தமது முறையை அவர்கள் மீறவில்லை: ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கைகள் உயர்ந்தன. குழி வெட்டப்பட்டது, கோரை நடப்பட்டது, கராச்சுகளுக்குத் தொட்டி வந்தது. அடுத்த வருடம் அதே மழைக்காலத்தில் சரீப் நானா ஒரு துண்டை மூக்கருகே பிடித்து, "இதுதான் தங்கச்சி கருவாடு" என்று சொல்லி லொறியை நிரப்பினார். ஞானேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். புதுக் குழியோரம், பேய்க்குப் பயந்து, யாரோ ஒரு தேசிக்காயை வெட்டி வைத்திருந்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய் மீன் வெட்டிய கையில் தேய்த்துக் கழுவினாள்.

ஆகவே, பெரியோர்களே, திரும்பிப் பாராதே என்று எவனாவது சொன்னால் உடனே திரும்பிப் பாருங்கள். கழுத்து திருப்புவதற்காகத்தான் இருக்கிறது, மந்திரித்த நூல் கட்டுவதற்காக அல்ல.