பெரட்டில் நின்ற காடு

காட்டுக்குள் காலெடுத்து வைத்தால் சுடுவோம் என்று வெள்ளைக்கார அரசாங்கமே சொன்ன அவசரகாலத்தில், காட்டைத் தவிர வேறு பாடமே நடத்தாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தம்பின் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் இருந்த காட்டு வாத்தியார்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. காட்டிலாகாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். கணக்குப் பாடம்கூட அவர் கையில் காட்டுக்குள் போய்விடும். "மூணும் நாலும் எத்தன?" என்பார். "ஏழு ஐயா" என்றால், "ஏழு மரத்த ஒரே நாள்ல சாச்சா அடியில இருக்கற கன்னுங்க கதி என்னாடி?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார். நான் என்னத்தைக் கண்டேன்.

எஸ்டேட்டைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்கு வெளியே எங்களைக் கூட்டிப்போய்க் காடு காட்ட வழியில்லை. அதனால் எங்களையே காடாக்கிவிட்டார். பால்வெட்டுக்குப் போகிறவர்களை விடியலில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதேபோல எங்களை நிறுத்தி ஆளுக்கொரு மரத்தின் பேர் வைத்துக் கூப்பிட்டார். நான் மெராந்தி. சிநேகிதி அஞ்சலை கெம்பாஸ். அவள் அம்மா "அஞ்சல" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் திரும்ப மாட்டாள்.

வினை முள்வேலி கேட்டில் வந்தது. பள்ளி விட்டு நாங்கள் வீட்டுக்குப் போகும்போது, அங்கே சோதனைக்கு நின்ற தமிழ் சார்ஜன்ட் பேர் கேட்டார். "கெம்பாஸ்" என்றாள் அஞ்சலை. பின்னால் வந்த பையன் "பாலாவ்" என்றான். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் சொந்தப் பேரை மறைத்து வேறு பேரில் திரிந்த காலம் அது. சார்ஜன்ட் முகம் மாறிவிட்டது.

"யாரு வச்ச பேரு?"

"வாத்தியாரு."

கொஞ்ச நேரத்தில் வாத்தியாரை போலீஸ் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்படி ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததை நாங்கள் பார்த்ததில்லை. வாத்தியாரோ, "சொன்னா வெளங்காது சார்ஜன்ட். ஒருவாட்டி பாத்துருங்க லா," என்று எங்களைப் பெரட்டில் நிறுத்தினார்.

"மொதல்லாம் கண்ட மரத்த வெட்டுவாங்க. பெருசு விழுந்து சின்னத நசுக்கும்."

பாலாவ் உற்சாகமாக நாலு பேர் மேல் விழுந்தான்.

"இப்ப அப்புடி இல்ல. கன்னு இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெல போற மரத்த வெட்டணும். வெல போவாத கெழட்டு மரத்துக்கு, பட்டைய சுத்திச் செதுக்கி வெசம் வப்பாங்க. அது நின்னாப்புலயே செத்துப்போவும். கன்னுக்கு வெயில் கெடைக்கும்."

"அந்தக் கெழட்டு மரம் எங்க?" என்றார் சார்ஜன்ட். அவரும் மாணவராகிவிட்டார்.

"நான்தான்." வாத்தியார் எங்கள் நடுவே வந்து கைகளை விரித்து நின்றார். "மெராந்தி, நீ கொஞ்ச நேரம் மனுசியா இரு. வந்து செதுக்கு."

நான் அசையவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாட்டேன் ஐயா. எங்களுக்கு வெயிலே வேணாம்."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். லாரி காலியாகவே கிளம்பியது.

"நல்லா போன பாடத்த கெடுத்துட்டியேடி," என்று வாத்தியார் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். திட்டுவதற்கு மனிதர் இங்கேயே இருந்தாரே, எனக்கு அது போதும்.