வெட்டு டாக்டர் வெட்டச் சொன்ன வரி

வெட்டு டாக்டரோடு சண்டை போடாத ஆள் குழித்துறையில் யாராவது இருந்தால், அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். டாக்டர் கத்தியைத் தொட்டவரே இல்லை. ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் சொல்வதுதான் வேலை. அவர் வெட்டியதெல்லாம் நான் டைப் அடித்த வரிகளை.

எங்கள் ஸ்கேன் சென்டரில் ஒரு வழக்கம். ரிப்போர்ட்டின் கடைசியில், 'கட்டி இல்லையென்று உறுதியாகச் சொல்ல முடியாது' என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டுவிடுவோம். நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் தப்பிக்கலாமே! மற்ற டாக்டர்கள் பேசாமல் கையெழுத்திடுவார்கள். இவருக்கு அதைக் கண்டாலே வெறி வரும்.

"ஏட்டி, இத வாசிச்சவன் இன்னைக்கு சோறு திம்பானா? தெரிஞ்சா தெரியும்னு எழுது. தெரியல்லன்னா இன்னொரு படம் எடு. வெட்டு அத!"

கடைசியில் அந்த வரி என் வீட்டுக்கே வந்தது. சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தால், ஈரலில் கறுப்பாக ஒரு திட்டு; ரிப்போர்ட்டின் கடைசியில் அதே வரி. ஈரலில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டும் என்று ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். மாமியார் அழ ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நான் படத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டு டாக்டரிடம் ஓடினேன்.

திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தார். "மக்கா, இங்க பாரு. கட்டின்னா ரத்தக்குழாயத் தள்ளி வளச்சிருக்கும். இது திட்டுக்கு நடுவே நேரா போவுது. கொழுப்பு மாதிரிதான் இருக்கு. ஆனா மாதிரின்னு நான் எழுத மாட்டேன். எம்.ஆர்.ஐ. எடு."

எடுத்தோம். ஒரு வகைப் படத்தில் ஈரலின் மற்ற பகுதியோடு கலந்து கிடந்த திட்டு, அடுத்த வகையில் கறுத்துப்போனது. கொழுப்பு இருந்தால் அப்படி ஆகுமாம். மருந்து ஏற்றி எடுத்த படத்திலும் கட்டிக்குரிய லட்சணம் எதுவும் இல்லை.

சென்டர் முதலாளி பதறிக்கொண்டு வந்தார். "டாக்டரே, பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரா எழுதுதியளே! அந்தக் கடைசி வரியாவது கெடக்கட்டும்."

"கெடக்காது. தப்பானா எம்மேல கேஸ் போடும்!"

நானே அந்த வரியை அழித்தேன். 'கொழுப்புத் திட்டு. கட்டி இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்.' அவர் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் வேண்டாமென்று நாங்களும் துணிந்து சொல்லிவிட்டோம்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் திட்டு கொஞ்சமும் வளரவில்லை. ஊரையே எதிர்த்து நிற்கிற மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு மாசமா எனக்குச் செரியா ஒறக்கமில்ல, மக்கா" என்றார்.

"போங்க சார், வீட்டுக்குப் போய் ஒறங்குங்க" என்றேன்.