சூடு ஆறினால்தான் கிளம்பும்

எஸ்லிங்கன்,
ஜூலை, செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள ஓட்மார் அண்ணாவுக்கு,

தங்கை ஹெட்விக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கான்ஸ்டன்ஸில் நீயும் இர்ம்கார்ட் அண்ணியும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா, ஏரிக்காற்று அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் பதிலில் விவரமாக எழுது. இங்கே நான் நலம், எபர்ஹார்ட்டும் நலம். வீட்டில் நலமில்லாத ஒரே ஜீவன் நீ கொடுத்த சிவப்புக் கார்தான். போனில் சொன்னால் சிரிக்கிறாய், அதனால்தான் கடிதம். சிரிக்காமல் கடைசிவரை படி.

கண் மங்கிவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் நீ என்ன செய்தாய்? "ஹெடி, மச்சான் ரிட்டையர் ஆகி சும்மா உக்காந்திருக்காரு, அவருக்கும் ஒரு வேலை ஆச்சு"ன்னு சொல்லி, என்னைவிடச் செல்லமாக நீ வளர்த்த அந்த இரண்டு சீட்டு ராட்சசியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாய். எபர்ஹார்ட்டை உனக்குத் தெரியும். காலமெல்லாம் அளவுமானித் தொழிற்சாலையில் முள் ஆடுகிறதா இல்லையா என்று பார்த்தே பழகிய மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது "ம்", "சூப்பு நல்லாருக்கு", "ஜன்னலச் சாத்து". அப்படிப்பட்டவர் உன் காரைப் பார்த்ததும் குஷியில் எங்களுடைய நல்ல நாலு கதவுக் காரை விற்றுவிட்டார், அண்ணா! அது கிளம்பு என்றால் கிளம்பும். அதன் அருமை இப்போது தெரிகிறது.

வியாதி என்னவென்று கேள். காலையில், ஆறிக் கிடக்கும்போது, சாவியைத் தொட்டாலே போதும், குழந்தை மாதிரி எழுந்துகொள்கிறது. ஊரைச் சுற்றிச் சூடாக ஓடிவிட்டு, எங்காவது நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பினால் டுர்ர் டுர்ர் என்று சுற்றும், பிடிக்காது. ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு அதுவாக மனசு வந்து, இருமி, துப்பி, கிளம்பும். முதல் தடவை பேக்கரி வாசலில். நான் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன், இவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டிருக்கிறார், சுற்றிலும் நாலு கிழவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருத்தர் "பிளக்குதான்"னார். பிளக் மாற்றினோம். இன்னொருத்தர் "பேட்டரி"ன்னார். அதையும் மாற்றினோம். ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார், என் பல் துலக்கும் பிரஷ்ஷால். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, எஞ்சினை அணைத்தால்தானே தொல்லை, அணைக்காமலே இருப்போம் என்று யோசனை சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். மருந்துக்கடை வாசலில் இவர் எஞ்சின் ஓட ஓட உட்கார்ந்திருக்க, நான் உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் மாடி ஜன்னல் திறந்து ஒரு அம்மாள் தலையணைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். "அணைங்கய்யா அத! நின்ன எடத்துல எஞ்சின ஓட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியாதா? நம்பர எழுதிக்கிட்டேன்!" இவர் ஜன்னலை இறக்கி, "அம்மா, அணைச்சா கிளம்பாதும்மா"ன்னு பணிவாகச் சொல்கிறார். "அப்போ ஏன்யா கார் வெச்சிருக்க, மியூசியத்துல கொண்டு வை!" அணைத்தார். ஒரு மணி நேரம் அவள் மேலிருந்து எங்களைப் பார்க்க, நாங்கள் கீழிருந்து அவளைப் பார்க்க, அப்படியே கிடந்தோம்.

மானம் போனது அதற்கு அடுத்த ஞாயிறு. இவருடைய பழைய மேலதிகாரி டாக்டர் ஸ்டைன்ஹில்பர் வீட்டு கேட்டில் செர்ரி ஜாம் பாட்டிலை வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நிறுத்தினோம். மணிகூட அடிக்கவில்லை, நல்ல பிள்ளைகளாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், டுர்ர் டுர்ர். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருத்தர் வீட்டு வாசலில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சரியாகக் காபி நேரத்தில்! திரைச்சீலை ஆடுகிறது, நிற்கிறது, மறுபடி ஆடுகிறது. நான் சீட்டில் சறுக்கி சறுக்கித் தரையோடு போய்விட்டேன். கடைசியில் ஸ்டைன்ஹில்பரின் மனைவி வெளியே வந்து, "உள்ள வாங்களேன், காபி போட்டுட்டேன்"ன்னாங்க, முகத்தில் சிரிப்பு, கண்ணில் கொலைவெறி. மேஜையில் இரண்டே துண்டு கேக், அண்ணா. இரண்டு பேருக்கு இரண்டு துண்டு. அந்த அம்மாள் கத்தியை எடுத்து அதை நாலாக வெட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இவர் பாட்டுக்கு தன் துண்டை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "இன்னும் அரை மணி ஆகும் சார், சூடு எறங்கணும்"ங்கிறார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு நீ இந்தக் காரில்தானே வருவாய்? ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்து மூன்று மணி நேரம் உட்காருவாயே! அண்ணனுக்கு நம்ம மேல என்ன பாசம் என்று நான் உருகிப்போவேன். உண்மையைச் சொல்லு, எஞ்சின் ஆறத்தானே காத்துக்கொண்டிருந்தாய்?

கடைசியில் நோயைக் கண்டுபிடித்தது இவர்தான், அதைச் சொல்லாமலிருக்க முடியாது. இந்த மாதிரி வண்டியில் எஞ்சினை அணைத்த பிறகும் குழாய்க்குள் பெட்ரோல் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்க வேண்டுமாம். அழுத்தம் இறங்கிவிட்டால் எஞ்சின் சூட்டில் அது குழாயிலேயே ஆவியாகிவிடும், அப்புறம் பம்பு தள்ளுவதெல்லாம் வெறும் ஆவிதான். தொழிற்சாலை நண்பரிடம் ஒரு அழுத்தமானி வாங்கிவந்து குழாயில் மாட்டி, என்னைச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து, முள்ளைப் பார்க்கச் சொன்னார். எஞ்சினை அணைத்ததும் முள் அப்படியே சரிந்தது. "வுழுதா?" "வுழுது!" "எவ்ளோ வேகமா?" "நீங்க மாடிப்படியில வுழுந்தீங்களே, அவ்ளோ வேகமா!" அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் உருண்டையை மாற்றிப் பார்த்தார், அப்போதும் சரிந்தது. எஞ்சின் பக்கம் ஒரு சொட்டு ஒழுகலில்லை. ஆக, டேங்குக்கே திரும்பி ஓடுகிறது. பம்பின் வாயில் இருக்கிற கட்டைவிரல் அளவு வால்வுதான் குற்றவாளி, திரும்பிப் போகாமல் தடுப்பது ஒன்றுதான் அதன் வேலை, அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறது. அந்த வால்வை ஃப்ரைபர்க்கில் தெரிந்த ஆளிடம் சொல்லி அனுப்புகிறேன் என்று நீ சொல்லி மூன்று வாரம்!

இந்த மூன்று வாரமும் நான் படுவதைக் கேள். போன சனிக்கிழமை தோட்டச் சாமான் கடை வாகன நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டோம். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்கிற இரண்டு சீட்டு, என் மடியில் தக்காளி நாற்று. வேறு வழியில்லாமல் இவர் பேச ஆரம்பித்தார். முதலில் அழுத்தம், பிறகு ஆவி, பிறகு நாற்று, அப்புறம் எங்கிருந்தோ எங்கேயோ போய், முதல்முதலாக நம் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். இரவல் கார், கையில் பூங்கொத்து, வாசலில் நீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாயாம். உன்னைப் பார்த்துப் பயந்துபோய் தெருவை மூன்று தடவை சுற்றினாராம்! எனக்குத் தெரியவே தெரியாது, அண்ணா. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அப்புறம்?"னேன். "மூணாவது சுத்துல நெக்கார் ஆத்துப் பாலத்துல நிறுத்திட்டேன், ஹெடி. திரும்பிப் போயிடலாமான்னு யோசிச்சேன். அப்போதான்..."

அப்போதான் என்னவென்று கேட்கிறாயா? அப்போதான் அவர் கை சும்மா இருக்காமல் சாவியைத் திருப்பித் தொலைத்தது, உன் ராட்சசி பிடித்துக்கொண்டது. வாய் மூடிவிட்டது. வீட்டுக்கு வந்து சூப்பு ஊற்றிக்கொண்டே, "பாலத்துல என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். "எந்தப் பாலம்? சூப்பு நல்லாருக்கு"ங்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகையால் முடிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளிக்குள் வால்வு வந்தாக வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை ரயிலேறி வா, ஓட்டுவதற்கு ஆளையும் கூட்டி வந்து, உன் காரை நீயே எடுத்துக்கொண்டு போ. எனக்கு நாலு கதவோடு, சொன்ன பேச்சு கேட்கிற ஒன்று போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லு, ராத்திரி ஈரக்காற்றில் ஏரிக்கரையில் நிற்க வேண்டாம் என்றும் சொல்லு. மூத்தவனான உன் ஆசீர்வாதம் எங்களுக்கு என்றைக்கும் வேண்டும், கார் வேண்டாம்.

அன்புத் தங்கை,
ஹெட்விக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தபால்காரர் வந்துவிட்டார். ஃப்ரைபர்க் பொட்டலம். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன், கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. எபர்ஹார்ட் கொட்டகையில் காருக்கு அடியில் படுத்திருக்கிறார். "யாரு, ஹெடி?"ன்னு கத்தினார், பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தாள் என்று சொல்லிவிட்டேன். வால்வு இப்போது என் குளிர்காலக் காலுறைகளுக்குள் இருக்கிறது. அவர் உனக்குப் போன் பண்ணினால், பழைய வண்டிச் சாமான், கிடைக்க நாளாகும் என்று சொல்லிவிடு. சனிக்கிழமை நீ வர வேண்டாம். ஞாயிறு ஸ்ட்ராபெர்ரி பறிக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன், கேக்கும் நாலு துண்டாகவே எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நல்ல வெயிலாம். எஞ்சின் ஆற நேரமாகும்.